இயக்க இயலாமை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் 'சரியாயிடும்' தன் வார்த்தையை ஆறு முறை சொல்லிவிட்டார். அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அவர். எந்த மெஷினைத் தொட்டாலும் முதலில் "சரியாயிடும்" என்பார், அதனால் ஆளுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவர் பதில்காரியின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குச் சொந்தக்காரியோ பக்கத்தில் ஒரு ஸ்டூலில், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கம்ப்யூட்டர் பேச்சை நிறுத்தி இது நான்காவது நாள்.

பேச்சு என்றால் நிஜமாகவே பேச்சுதான். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. குடிநீர் அலுவலகத்துக்கு மெயிலில் வருகிற புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை, அதனால்தான் பதில்காரி. குழாயில் சேறு வருகிறது, மீட்டர் ஓடவே இல்லை, வாசலில் தோண்டிய பள்ளத்தை மூட ஆள் வரவில்லை என்று ஊரே எழுதும். மெஷின் அவற்றை அவள் காதில் வாசிக்கும். அந்த வேகத்தில் கேட்டால் மற்றவர்களுக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடாது. அவள் ஒரு நாளைக்கு முப்பது பதில் எழுதுவாள். பிரிவில் வேறு யாரும் இருபதைத் தாண்டியதில்லை.

அந்த மேஜை சும்மா வந்துவிடவில்லை. முதல் ஆறு வருஷம் அவளை டெலிபோன் சீட்டில்தான் வைத்திருந்தார்கள். கண் தெரியாதவர் என்றால் டெலிபோன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். திரையை வாசிக்கிற மென்பொருள் வேண்டும் என்று அவள் கேட்டதற்கு நிதி இல்லை என்றார்கள். சரி போங்கள் என்று, யாரும் காசு கேட்காத, யார் வேண்டுமானாலும் திறந்து திருத்திக்கொள்ளலாம் என்கிற லினக்ஸ் இயங்குதளத்தைத் தானே கற்றுக்கொண்டு, அதிலேயே இருக்கிற வாசிப்பானை ஓட்டிக் காட்டி, சண்டை போட்டு இந்த மேஜைக்கு வந்தாள். இப்போது மேலாளர், "ஓசியில வந்தது எத்தனை நாளைக்கும்மா உழைக்கும்?" என்கிறார். அதைக் கேட்டபோது அவளுக்கு வந்த கோபத்தில் ஸ்டூலைத் தூக்கி எறிந்திருப்பாள், எங்கே எறிவது என்று மட்டும் தெரிந்திருந்தால்.

திங்கட்கிழமை காலை சரியாயிடும் வந்து, "புது அப்டேட் போடணும்மா, பத்து நிமிஷம்" என்றார். பத்து நிமிஷம் முடிந்தபோது மெஷின் ஊமை. அன்றிலிருந்து நடப்பதெல்லாம் ஒரே கூத்து. இயர்போனை மாற்றினார். வேறு ஸ்பீக்கர் கொண்டுவந்தார். அணைத்துப் போட்டார், போட்டு அணைத்தார். புதன்கிழமை எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்றினார்.

"சவுண்டு ஃபுல்லா இருக்கும்மா. பச்சைக் கோடு நல்லா ஆடுதே, பாருங்க" என்றார்.

"நான் பாக்கணுமா?"

"இல்ல... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"எனக்கும் ஒரு பேச்சுதான் சார் வேணும். அதைக் குடுங்க."

ஒரு நிமிஷம் எழுந்திருங்கள், நானே பார்க்கிறேன் என்று மூன்று நாளும் கேட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. போதாததற்கு, மெஷின் சரியாகும்வரை தற்காலிகமாக டெலிபோன் சீட்டில் இருக்கலாமே என்று மேலாளர் வேறு சொல்லிவைத்திருந்தார். புதன்கிழமை மாலை வீட்டுக்குப் போனவள் கணவனிடம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை பிடித்தாள். அந்த மனிதர், "டெலிபோன் சீட்டுன்னா என்ன, நாலு பேர்கிட்ட பேசிட்டு இருக்கலாமே" என்று ஆறுதலாகச் சொல்லப்போய், மிச்சமிருந்த கோபத்தையும் மொத்தமாக வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பக்கத்து மேஜைப் பெண் அவள் காதருகே குனிந்தாள். தட்டச்சு வேலை பார்ப்பவள், வயதில் சின்னவள்.

"அக்கா, மேலாளர் ஒரு ஆர்டர் அடிக்கச் சொன்னாரு. நாளையிலிருந்து உங்களுக்கு டெலிபோன் சீட்டு."

"தற்காலிகம்னுதானே சொன்னாரு?"

"தற்காலிகம்னு எங்கேயும் போடலக்கா. காரணம்னு ஒரு வரி இருக்கு." அவள் குரல் இறங்கிவிட்டது. "'ஊழியர் இயந்திரத்தை இயக்க இயலாமை.' கையெழுத்தும் போட்டாச்சு. சாயந்தரம் மேலிடத்துக்குப் போகுது."

பதில்காரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். சீட்டு போனால் போகட்டும், இன்னொரு சண்டை போட்டு வாங்கலாம். ஆனால் அந்த வரி அவளுடைய கோப்பில் ஏறிவிட்டால் ஓய்வு பெறும்வரை இறங்காது. எந்த வேலைக்கு மனுப் போட்டாலும் முதலில் அதுதான் கண்ணில் படும். இயலாமையாம். யாருடைய இயலாமை? நான்கு நாளாக அவளை மெஷினைத் தொடவிட்டதே இல்லை.

ஒரு மணிக்கு சரியாயிடும் சாப்பிடப் போனார். அவர் செருப்புச் சத்தம் படியிறங்கியதுமே இவள் எழுந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கை இன்னும் சூடாக இருந்தது, அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நீ சாப்பாட்டை அப்புறம் பாத்துக்கோ. என் கண்ணா இரு."

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதேக்கா."

"தெரிய வேண்டாம். வாசிச்சா போதும். முக்கியம், முக்கியமில்லைன்னு நீயா பிரிக்காதே. இருக்கறதை இருக்கறபடி வாசி."

அவள் விரல்கள் கட்டளை எழுதும் ஜன்னலைத் திறந்தன. சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று மெஷினையே கேட்கிற ஒரு வரியை, ஒரு எழுத்தும் பிசகாமல் தட்டினாள்.

"என்ன வந்திருக்கு?"

"ஏதோ நீளமா இங்கிலீஷ்ல..."

"அடியே!"

"சரி சரி, வாசிக்கறேன். ஏ, எல், எஸ், ஏ. கீழ்க்கோடு. அவுட்புட். புள்ளி. பி, சி, ஐ. அப்புறம் சைபர் சைபர்னு ஒரு கூட்டமே நிக்குது."

"ஒண்ணையும் விடாதே. கடைசி வரைக்கும் போ."

"கடைசில எச், டி, எம், ஐ. ஸ்டீரியோ."

பதில்காரியின் கை நின்றது. நான்கு வருஷமாக அந்த இடத்தில் அவள் கேட்டது 'அனலாக்' என்ற சொல். இயர்போன் துளைக்குப் போகிற வழி அது. எச்.டி.எம்.ஐ என்று இந்த மெஷின் அவளிடம் சொன்னதே கிடையாது.

"அந்தப் பேர்ல ஏதாவது ஒயர் இருக்கா, பாரு."

"அது மானிட்டர் ஒயர்க்கா."

"எந்த மானிட்டர்?"

"உங்க முன்னாடி இருக்கே, இது. திங்கட்கிழமை கொண்டுவந்து வெச்சாங்களே."

அவள் கையை நீட்டினாள். விரல் நுனியில் சில்லென்று கண்ணாடி பட்டது. நான்கு வருஷமாக அந்த மேஜையில் விசைப்பலகையும் இயர்போனும் மட்டுமே இருந்தன. திரை அவளுக்கு எதற்கு? திங்கட்கிழமை எதிலோ முழங்கை இடித்தபோது, சரியாயிடும் தன் வேலைக்காக எதையோ வைத்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

"அடுத்த வாரம் மேலிடத்து ஆளுங்க வர்றாங்கல்லக்கா. மேஜை மொட்டையா இருந்தா நல்லா இருக்காதுன்னு மேலாளர்தான் வைக்கச் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அப்டேட்டுக்கும் ஊமையானதற்கும் சம்பந்தமே இல்லை. திரையைச் செருகினதும் மெஷின் சத்தத்தையெல்லாம் அந்த ஒயர் வழியாகத் திரைக்கு அனுப்பிவிட்டது. திரையிலோ ஸ்பீக்கர் கிடையாது. நான்கு நாளும் அவளுடைய மெஷின் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்கிறோம் என்று எல்லோரும் அந்தத் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள் பின்பக்கம் தடவி அந்த ஒயரைப் பிடித்தாள். இழுத்த இழுப்பில் திரை ஒரு ஆட்டம் ஆடியது. சரியாயிடும் விட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து படபடவென்று குரல் கொட்டியது. பக்கத்து மேஜைப் பெண் ஐயோ என்று பின்னால் நகர்ந்தாள். பதில்காரிக்கு அழுகை வந்தது. அழுகிற நேரமா இது என்று அதன்மேலும் கோபம் வந்தது.

சத்தம் கேட்டு மேலாளர் அறையிலிருந்து வந்தார். பின்னாலேயே ஈரக்கையோடு சரியாயிடும்.

"அட, வந்துடுச்சே! நான்தான் சரியாயிடும்னு சொன்னேனே" என்றார் சரியாயிடும்.

"திரையைக் கழட்டினேன், வந்துச்சு. கண்ணு தெரியாதவ மெஷினுக்குத் திரை மாட்டினது யாரோட யோசனை சார்?"

மேலாளர் மென்று விழுங்கினார். "பார்வைக்கு நல்லா இருக்கும்னு..."

"யார் பார்வைக்கு?"

மேலாளர் கோணலாகிப்போன திரையை நேராக்கி வைத்தார்.

"சரிம்மா, விடுங்க. மெஷின்தான் வந்தாச்சே. நீங்க இங்கேயே வேலையைப் பாருங்க."

"அந்த ஆர்டர்?"

தட்டச்சுக்காரியை ஒரு முறை முறைத்துவிட்டு அவர் உள்ளே போய்த் தாளோடு வந்தார். பேனா கீறுகிற சத்தம் கேட்டது. "இந்தாங்க, காரணத்தை அடிச்சுட்டேன். மொத்தமாவே குறுக்குக் கோடு போட்டாச்சு. திருப்திதானே?"

அவள் கையை நீட்டினாள். எதற்கு என்று தெரியாமலே அவர் தாளைக் கொடுத்துவிட்டார். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கமும் வழவழப்பு.

"நீங்க அடிச்சீங்களா, எங்கே அடிச்சீங்க, எனக்குத் தெரியாது சார்" என்றாள். "கிழிச்சா தெரியும்."

இரண்டாகக் கிழித்தாள். சேர்த்துவைத்து நான்காகக் கிழித்தாள். ஓரங்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, துண்டுகளை மேலாளர் கையிலேயே கொடுத்தாள்.