ஒன்றாக உட்காரும் பெக்கேஜ்

றோசா குசினி வாசலில் குந்தியிருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறி, கறுத்த நரம்பை நகத்தால் இழுத்துப் போட்டாள். குவைத்தில் இதே வேலையைக் கையுறை போட்டுச் செய்து பழகியதில், வெறுங்கையில் இறால் முள் குத்துவது புதுசாக வலித்தது. உள்ளே கட்டிலில் சூட்கேஸ் வாயைப் பிளந்து கிடந்தது. எட்டு மணிக்கு எயாப்போட் போகும் வான் வரும். அதற்குப் பிறகு இன்னும் மூன்று வருசம்.

இறால் மகளுக்காக வாங்கியது. ஷானிகாவுக்கு ஐந்து வயது. றோசா போகும்போது அவள் கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். றோசா லீவில் வந்த இந்த ஒரு மாதமாக ஷானிகா அப்பன் கையால் சாப்பிட்டாள், பக்கத்து வீட்டு மாமி அல்பொன்சா கையால் சாப்பிட்டாள், மீன்காரன் நீட்டிய பிஸ்கட்டையும் சாப்பிட்டாள். றோசாவின் கையால் மட்டும் ஒரு வாய் வாங்கவில்லை. அதற்காக மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாள் என்றும் சொல்ல முடியாது. "வேணாம் ஆன்டி" என்றுதான் சொல்வாள்.

ஷானிகாவின் அம்மா போனுக்குள் இருந்தவள். பின்னால் வெள்ளை மாபிள் சுவர் தெரிய, பொழுதுபட்டால் அப்பாவின் போனில் வருவாள். றோசா வந்திறங்கிய அன்று பின்னேரமே, "அம்மா இண்டைக்கு எடுக்கல்லியா?" என்று ஷானிகா கேட்டாள். "இந்தா நிக்கிறா அம்மா" என்று றோசாவின் புருசன் கில்பட் காட்டினான். பிள்ளை றோசாவை மேலும் கீழும் பார்த்தது. போனிலிருந்த அம்மா சின்னவள். இவள் மிகவும் பெரிசாக இருந்தாள்.

நேற்றுத்தான் ஒரு பேச்சுவார்த்தை முடிந்திருந்தது. உறைப்புப் போடாமல் இறால் பொரித்தால் ஒரு வாய் தீத்தி ஊட்ட விடுவதாக ஷானிகா ஒத்துக்கொண்டிருந்தாள்.

கில்பட் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஆலங்குடா ஹோட்டலில் டொல்பின் காட்டும் போட் அவனுடையது. அவனுடையது என்றால், ஓட்டுவது அவன்.

"மனேஜர் லீவு தந்தாரா?"

"தந்தாரு." அவன் சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டான். "குடும்பத்தோட இருக்கிறது முக்கியமாம். உடனே தந்தாரு."

"பிறகு என்னத்துக்கு முகம் இப்பிடி?"

"நாம குடும்பத்தோட இருக்கிறதப் பாக்க ரெண்டு பேர அனுப்புறாராம்."

றோசாவின் கையிலிருந்த இறால் அப்படியே நின்றது.

"புது பெக்கேஜாம். மீன்காரர் வீட்டில ஒண்டா உக்காந்து சாப்பிடுறது. ஒல்லாந்துக்காரப் புருசனும் பொண்டாட்டியும்."

"ஏலாதெண்டு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னன். அப்ப சீசன் முடியும்வரைக்கும் குடும்பத்தோடயே இருக்கச் சொன்னாரு."

றோசா மிச்ச இறாலையும் கழுவி, அதில் பாதியை உறைப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்தாள்.

ஆறரைக்கு ஹோட்டல் வாகனம் வந்தது. முதலில் இறங்கியவன் நிலுக்சன். விருந்தாளிகளுக்கு இங்கிலீசில் விளக்கம் சொல்பவன், கில்பட்டுக்குத் தூரத்துச் சொந்தம். கையில் சுருட்டிய பாய், ஒரு அரிக்கன் லாம்பு, மூடி போட்ட பனையோலைக் கூடை. வீட்டுக்குள் வந்ததும் அவன் கண் மேசையில் நின்றது. குவைத்துக் காசில் வாங்கிய மேசையும் ஆறு கதிரைகளும்.

"அண்ணே, இத பின்னுக்குப் போடுவம். கதிரையில இருந்தா படத்துக்கு எடுபடாது."

"நாங்க கதிரையிலதானே சாப்பிடுற?" என்றான் கில்பட்.

"அது எனக்கும் உங்களுக்கும் தெரியும்."

மேசை முருங்கை மரத்தடிக்குப் போனது. ஒரு கோழி உடனே ஏறிக்கொண்டது. நிலுக்சன் பாயை விரித்து, பல்பை அணைத்து, லாம்பைக் கொளுத்தினான். சூட்கேசின் மேல் ஒரு பெட்சீட்டை இழுத்து மூடினான். பிறகு கூடையை நீட்டினான். வெள்ளைக்காரர் இருவரும் சிரித்துக்கொண்டே தங்கள் போன்களை அதற்குள் போட்டார்கள். கில்பட்டும் போட்டான்.

"அக்கா, உங்கடதும்."

"வான்காரன் எடுப்பான் தம்பி."

"எட்டு மணிக்குத்தானே வாறான்? இந்த பெக்கேஜில போன் கூடாதக்கா. அதான் பெக்கேஜே." றோசாவின் போனையும் வாங்கிப் போட்டு, எல்லாவற்றையும் சத்தமில்லாமலாக்கிக் கூடையை மூடி, சுவரோரம் வைத்தான். அவனுடைய போன் மட்டும் உள்ளே போகவில்லை. அவன் வீடியோ எடுக்க வேண்டும்.

ஷானிகா கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மாவ ஏன் உள்ள வச்ச?"

நிலுக்சன் அதை மொழிபெயர்க்கவில்லை.

சோறு, இறால் பொரியல், பாரைமீன் குழம்பு, சொதி, சம்பல் எல்லாம் பாய்க்கு வந்தன. விருந்தாளிகள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வீட்டுக்காரர் தொடங்கிய பிறகே கைவைக்க வேண்டும் என்று ஹோட்டலில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். றோசா தண்ணீர்ச் செம்போடு குசினி வாசலில் நின்றாள். விருந்தாள் சாப்பிட்டுக் கை கழுவாமல் வீட்டுப் பெண் சோற்றுக் கோப்பையைத் தொடுவதில்லை என்று அவளுக்குச் சின்னதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் கில்பட்டைப் பார்த்துச் சிரித்தார். கில்பட்டும் சிரித்தான். சொதியில் ஆடை படிந்தது.

"தொடங்குங்க அக்கா."

"அவங்க சாப்பிடட்டும் தம்பி."

"நீங்க தொடங்கினாத்தான் அவங்க தொடங்குவாங்க."

"விருந்தாளுக்கு முன்னுக்கு நான் எப்பிடிக் கைவைக்கிற? ஊர் சிரிக்கும்."

"ஊர் எங்க பாக்குது? நான்தானே எடுக்கிறன்."

"அதான், எடுக்கிறியே."

சுவர் மணிக்கூட்டில் ஏழு தாண்டியிருந்தது. ஒருவரும் அசையவில்லை. கடைசியில் கில்பட் ஒரு இறாலை எடுத்து, சொந்த வீட்டிலேயே களவெடுப்பவனைப் போல வாயில் போட்டான். அவ்வளவு பேருக்கும் மூச்சு வந்தது.

வெள்ளைக்காரி நல்ல மனுசி. உறைப்பில் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டாள். இடையில் நிறுத்தி, றோசாவைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள்.

"அவங்கட வீட்டில ஆளுக்கொரு மூலையாம்," என்றான் நிலுக்சன். "நீங்க ஒவ்வொரு நாளும் இப்பிடி ஒண்டா உக்காருறது பெரிய பாக்கியமாம்."

"யெஸ் மேடம்," என்றது றோசாவின் வாய், பழக்கத்தில்.

அவள் ஷானிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோற்றில் சொதி விட்டுக் குழைத்து, உறைப்பில்லாத இறால் ஒன்றைப் பிய்த்து நடுவில் வைத்து உருட்டினாள்.

"ஆ காட்டு மகள்."

"அம்மாவ வெளியில எடுங்க. பிறகு."

"மகள், நான்தானே அம்மா."

ஷானிகா கூடையைப் பார்த்தாள். பிறகு றோசாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, மூக்கின் பக்கத்திலிருந்த மச்சம். மச்சத்தில் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிள்ளையின் உதடு மெல்லப் பிரிந்தது.

"அக்கா, ஒரு நிமிசம். வெளிச்சம் பத்தாது, லாம்புப் பக்கம் திரும்புங்க."

வாய் மூடிக்கொண்டது. றோசா திரும்பினாள். "உறைப்பில்ல மகள், பாரு. ஒரு வாய்."

அப்போது வெளியே ஹோன் அடித்தது. விடாமல் அடித்தது. வான்காரன் றஸீன் வேலிக்கு மேலால் தலையை நீட்டினான்.

"றோசாக்கா! நான் எத்தின தரம் அடிச்ச? ரெண்டு போனும் அடிக்கிது, தூக்க ஆளில்ல! பாலத்த ஒடச்சிப் போட்டிருக்கி, சுத்தித்தான் போகணும். முந்தல் சந்தியில இன்னம் ரெண்டு பேர் ஏறணும். ஏறுங்க, ஏறுங்க!"

"பத்து நிமிசம் தம்பி. புள்ளைக்கு ஒரு வாய்..."

"நான் நிப்பேன். ப்ளேன் நிக்குமா?"

றோசா உருண்டையைப் பிள்ளையின் கோப்பையில் திருப்பி வைத்தாள். கில்பட் பெட்சீட்டை இழுத்தெறிந்து சூட்கேசைத் தூக்கினான். ஒற்றைக் கையால் சேர்ட்டையும் கொடியிலிருந்து பிடுங்கினான். நிலுக்சன் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, நீங்களும் போனா இது என்ன குடும்பம்? இனிப்புக்கு வட்டிலப்பம் இன்னும் வைக்கல்ல. மனேஜர் என்னயும் சேத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவாரு."

கில்பட் றோசாவைப் பார்த்தான்.

"நில்லுங்க," என்றாள் அவள். "போட் வேணும்."

விருந்தாளிகள் எழும்பி நின்றார்கள். என்ன நடக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறாள் என்பதுபோல நிலுக்சன் ஏதோ சொல்லிச் சிரித்தான். வெள்ளைக்காரி றோசாவை உண்மையாகவே கட்டிப்பிடித்தாள். றோசா குனிந்து ஷானிகாவின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டாள். நெற்றியில் ஒரு சோற்றுப்பருக்கை ஒட்டியது.

"போயிட்டு வாங்க ஆன்டி," என்றாள் ஷானிகா, மரியாதையாக.

நிலுக்சன் கூடையைத் திறந்து றோசாவின் போனை எடுத்துக் கொடுத்தான். திறந்த கூடையிலிருந்து அப்பாவின் போனை ஷானிகா தூக்கிக்கொண்டாள். வான் கதவு இழுபட்டு மூடியது.

நுரைச்சோலை வருமுன்னரே றோசா வீடியோவில் அழைத்தாள். முதல் மணியிலேயே எடுபட்டது. திரை நிறைய ஷானிகாவின் முகம்.

"அம்மா!" வானுக்குள் றஸீனும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "எங்க போன நீங்க? உங்கள கூடைக்குள்ள போட்டுட்டாங்க, நான் பாத்தேன்! ஒரு ஆன்டி வந்து இருந்தாங்க, போயிட்டாங்க."

"சாப்பிட்டியா மகள்?"

"இல்ல. இறால் வச்ச சோறு இருக்கு. நீங்க தீத்துங்க, அம்மா."

அவள் போனை இரண்டு கையாலும் கிட்டே இழுத்தாள். கண் மறைந்தது, மூக்கு மறைந்தது. விழுந்த முன்பல்லின் ஓட்டையோடு திறந்த வாய் மட்டும் திரை முழுக்க நின்றது. "ஆ."

பின்னாலிருந்து நிலுக்சனின் குரல், வட்டிலப்பத்துக்குக் கரண்டி கேட்டது. கில்பட் "வாறன்" என்றான்.

"ஆ, அம்மா. ஆ."

றோசா வலது கையைத் திரைக்கு முன்னால் கொண்டுபோனாள். கழுவாமல் வந்த கை. போன் வெளிச்சத்தில், ஐந்து விரலிலும் சோறு காய்ந்து போயிருந்தது.