ஏழு மரங்களின் சம்மதம்

உலகக் கலை வரலாற்றில் இதுவரை நிகழாத ஒன்று, எங்கள் ஓடைக்கரைக் கொட்டகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நிகழ்ந்தது என்பதைச் சகலருக்கும் பணிவுடன் அறிவித்துக்கொள்கிறேன். பத்து மணிக்கே நிகழ்ந்திருக்க வேண்டியது. தாடி வரத் தாமதமாகிவிட்டது.

எங்கள் ஓவியர் குழுவின் பதினொரு பேரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தோம். இனிக் கடையில் விற்கும் எந்த வண்ணத்தையும் தொடமாட்டோம். இயற்கை தருவதைக் கொண்டு மட்டுமே வரைவோம். அதையும் இயற்கையிடம் கேட்டுவிட்டுத்தான் எடுப்போம். பிறகு பழைய வண்ணக் குழாய்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டினோம். சாக்கை எங்கே போடுவது என்பது உறுதிமொழியில் இல்லை. ஆகவே ஓடைப் பக்கமாக உருட்டிவிட்டோம்.

தாடி எங்கள் தலைவர். மரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவார். என்ன மரம் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். நான் குழுவின் செயலாளர். பிழைப்புக்குக் கடைப் பலகை எழுதுகிறவன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதால் கூட்டக் குறிப்பு எழுதச் சேர்த்துக்கொண்டார்கள். இருபது வருடமாகக் கண்காட்சிகளில் நாற்காலி அடுக்கியிருக்கிறேன், பெயர்ப் பலகை எழுதியிருக்கிறேன். நீயும் ஒரு படம் வை என்று ஒருவரும் சொன்னதில்லை.

கொட்டகையை ஒட்டி, ஓடையின் சரிவில், ஏழு மரங்கள் வரிசையாக நின்றன. மரங்களுக்கு நேர் மேலே, சரிவின் விளிம்பிலிருந்து ஆறடி தள்ளி, என் அக்காவின் வீடு. இரண்டு அறை. பின்னறை ஜன்னலோரம் அக்காவின் தையல் இயந்திரம்; அதற்குப் பக்கத்தில் மாமாவின் கட்டில். மாமா லாரி ஓட்டியவர். இடுப்பு உடைந்து ஆறு வருடமாகிறது. எழுந்து நடக்க முடியாது. வாய் மட்டும் இன்னும் நாலாவது கியரில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மரங்களின் பட்டையை வேகவைத்தால் செம்பழுப்பாக ஒரு சாயம் இறங்கியது. மானையே கண்டுபிடித்துவிட்ட வேடன் போலத் தாடி குதித்தார். உடனே மரங்களிடம் அனுமதி கேட்கும் நிகழ்ச்சி ஏற்பாடானது. மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பத்து நிமிடம் மௌனமாக நின்றோம். எறும்பு கடித்ததால் இரண்டு பேர் முன்கூட்டியே விலகினார்கள். அன்றைய கூட்டக் குறிப்பில் நான் என் அழகிய கையெழுத்தில் எழுதினேன்: "மரங்கள் ஏழும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது."

அன்றே முதல் மரத்தில் உரித்தார்கள். உரித்த இடத்துக்குப் பருத்தித் துணியில் கட்டுப் போட வேண்டும் என்று ஒரு தீர்மானம். ஏழு கட்டுக்கும் ஓரம் தைத்து வாங்கிவர, அளவுச் சீட்டோடு என்னை அக்காவிடம் அனுப்பினார்கள்.

"யாருக்குடா கட்டு?" என்றாள் அக்கா.

"மரத்துக்குக்கா."

கட்டிலிலிருந்து மாமா சிரித்தார். "எனக்கு இடுப்பு உடைஞ்சப்ப ஒரு முழம் துணி கொண்டுவந்தியா மச்சான்? மரமாப் பொறந்திருக்கணும்."

அக்கா சீட்டைப் பார்த்து நாடாவை நீட்டினாள். ஒரு அளவை வெட்டினாள். இரண்டாவதை வெட்டப் போனவள் நிறுத்தினாள்.

"ஏன்டா, இது என்ன இடுப்பளவு மாதிரி இருக்கு? இவ்வளவு நீளம் எதுக்கு?"

"மரத்தோட சுத்தளவுக்கா அது. ஒரு சாண் அகலத்துக்கு எல்லாப் பக்கமும் சமமா எடுக்கிறோம். ஒரு பக்கம் மட்டும் எடுத்தா மரத்தோட சமநிலை கெட்டுடும்னு தாடி சொன்னார். பார்க்கவும் லட்சணமா இருக்கும்."

"சுத்திவரவா?" என்றார் மாமா. அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"ஆமா மாமா."

"அட பாவிங்களா. மரத்தைத் திருட்டுத்தனமா சாகடிக்கணும்னா இதத்தான்டா பண்ணுவான். கோடாலி போட்டா சத்தம் கேக்கும்ல. பட்டையச் சுத்திவர ஒரு வளையம் எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவான். ஒரு வருஷத்துல நின்னபடியே காஞ்சிடும். அப்புறம் செத்த மரம்தானேன்னு வெட்டி ஏத்துவான். நான் எத்தனை லோடு அடிச்சிருக்கேன் தெரியுமா?"

"தாடி கழுத்தச் சுத்தி ஒரு சாண் தோலைச் சமமா உரிச்சுட்டு, நான் தைச்ச துணியக் கட்டிவிடு," என்றாள் அக்கா. "சமநிலையா இருக்காரான்னு பாக்கலாம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எத்தனை மரம் ஆச்சு?"

"ஒண்ணுதான். மீதி சனிக்கிழமை."

"அப்ப நாளைக்குக் கூட்டத்துல சொல்லு. ஆறு மரமாவது பொழைக்கட்டும். பட்டை வேணும்னா காத்துல விழுற கிளைல எடுக்கட்டும். இல்ல, ஒரு பக்கமா ரெண்டு விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழ ஒரு கோடு எடுத்துட்டு அடுத்த மரத்துக்குப் போகட்டும்."

"அதுல சாயம் கொஞ்சம்தான்கா கிடைக்கும்."

"கொஞ்சமா வரைங்களேன். யாரு அழுதா?" அவள் ஜன்னல் வழியாகச் சரிவைக் காட்டினாள். "அந்த வேர்லதான்டா இந்தச் சுவரு நிக்குது. இவரத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? சொல்லிடுவல்ல?"

"சொல்லிடறேன்கா."

சொல்லத்தான் போனேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் தலைவர் உரை நாற்பது நிமிடம். இயற்கை நம் தாய், நாம் அவள் மடியில் தவழும் தூரிகைகள் என்று ஒரு இடத்தில் வந்தது. தூரிகை எப்படித் தவழும் என்று எங்கள் குழுவில் மண்பானை செய்கிற ஓர் அம்மா என் காதில் கேட்டார். உரை முடிந்ததும் எழுந்தேன்.

"தலைவரே, பட்டை விஷயமா ஒரு சின்ன..."

"அதற்குத்தான் வருகிறேன் செயலாளரே!" என்றார் தாடி. "நண்பர்களே, முதல் மரம் தந்த முதல் சாயத்தில் முதல் படத்தை வரையப்போவது யார் தெரியுமா? இத்தனை ஆண்டுகளாக நமக்குப் பின்னால் நின்ற நம் செயலாளர். நம் கண்காட்சி வாசலில் மாட்டும் படம் அவருடையது!"

பத்துப் பேர் கைதட்டினார்கள். எனக்காக யாரும் கைதட்டி அதற்கு முன் நான் கேட்டதில்லை. இரண்டு கையின் ஓசை இத்தனை சூடாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"என்னவோ சொல்ல வந்தீர்களே?" என்றார் தாடி.

"பட்டை நல்லா வந்திருக்குன்னு சொல்ல வந்தேன்," என்றேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடி அடுத்தவரைக் கெடுத்தேன். சனிக்கிழமை மீதி ஆறு மரமும் உரிக்கப்பட்டன. ஒரு மரத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன், வளையம் கோணாமல் வர வேண்டுமே என்று.

அன்று மதியம் கட்டுத் துணிகளை வாங்கப் போனேன். அக்கா ஏழையும் தைத்து மடித்து வைத்திருந்தாள். ஜன்னல் வழியாகக் கீழே நடந்ததைப் பார்த்திருக்கிறாள்.

"சொன்னியாடா?"

"சொன்னேன்கா. கேக்க மாட்டேங்கிறாங்க."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ ஒருத்தன் என்ன பண்ணுவ," என்று சொல்லிவிட்டு எனக்கு டீ போட்டாள். குடித்தேன்.

மறுநாள் அவளே கொட்டகைக்கு வந்து தாடியைக் கிழிகிழி என்று கிழித்தாள். அவர் கைகூப்பி, கண்ணை மூடி, கடைசிவரை கேட்டார். "அம்மா, உங்கள் கோபமும் இயற்கைதான்," என்றார். அதற்குள் எல்லா மரத்துக்கும் வெள்ளையாகக் கட்டுப் போட்டாகிவிட்டது.

கண்காட்சி பிரமாதம் என்றார்கள். வாசலில் என் படம். ஏழு மரங்கள், காற்றில், இலை தளும்ப. செம்பழுப்பு நிறம் உயிரோடு இருப்பதாக ஒருவர் பத்திரிகையில் எழுதினார். படத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே அசல் மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. மாமா கட்டிலில் கிடந்தபடி தினமும் கணக்குச் சொல்வார். "மச்சான், மூணாவது ஆளு மொட்டையாயிட்டாரு. உங்க தாடியில கொஞ்சம் எடுத்து ஒட்டிவிடச் சொல்லு."

வருடம் முடிவதற்குள் ஏழும் காய்ந்தன. குழு இரங்கல் தீர்மானம் போட்டது. பருவம் மாறியதுதான் காரணம் என்று தாடி ஒரு கட்டுரை எழுதினார். காய்ந்த மரங்களை வெட்டிப் படங்களுக்குச் சட்டம் செய்தார்கள்; எதையும் வீணாக்கக் கூடாது என்பது உறுதிமொழியின் நான்காம் விதி. அடிமரங்கள் மட்டும் சரிவில் மிஞ்சின. மண்ணுக்குள் வேர் மக்குவதை ஜன்னலிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் இரண்டாம் வருடம் அக்காவின் பின்சுவரில் கீற்றாக ஒரு வெடிப்பு விழுந்தது. அவள் அதில் தையல் நாடாவை வைத்து அளந்துகொண்டே இருந்தாள். வாடகைக்கு வேறு வீடு தேடினாள். நடக்க முடியாதவர் இருக்கிறார் என்றதும் மாடி வீடுகள்தான் காலியாக இருந்தன. "என் வீட்டுக்கு வாங்க" என்று நான் ஒருமுறை சொன்னேன். என் வீட்டில் ஒரே அறை என்பது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் சொன்னேன்.

மூன்றாம் வருட மழை ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் காலை கொஞ்சம் வெறித்தது. தைத்த பள்ளிச் சீருடைகளைக் கொடுத்துவிட்டு வர அக்கா மூன்று தெரு தள்ளிப் போனாள். பதினோரு மணிக்குச் சரிவு இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்; மூட்டையை இறக்கிவைக்கிற மாதிரிதான் இருந்ததாம். முன்னறை அப்படியே நின்றது. பின்னறை, தையல் இயந்திரம், கட்டில், மாமா எல்லாம் ஓடையில் கிடந்தன. மாமாவை வெளியே எடுக்க மாலையாகிவிட்டது. நானும் மண் அள்ளினேன். வாயிலும் மண் இருந்தது அவருக்கு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் விசாரணை. அரசு அலுவலகத்தில் ஒரு நீள மேசை, ஒரு அதிகாரி, தட்டச்சு செய்ய ஒருவர். ஒரு பக்கம் அக்கா. எதிர்ப்பக்கம் தாடியும், கூட்டக் குறிப்பேட்டோடு நானும். அதிகாரி குறிப்பேட்டைப் புரட்டினார்.

"'மரங்கள் ஏழும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.' இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். உரிக்கிறதுக்கு முன்னாடியே, இப்படிப் பண்ணினா மரம் செத்துடும்னு யாராவது உங்க குழுவுக்குச் சொன்னாங்களா? தெரியாம செஞ்சது வேற. தெரிஞ்சு செஞ்சது வேற."

தாடி வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். பதினாறு நாளில் பாதியாக இளைத்திருந்தாள்.

"சொன்னாங்க சார். என் தம்பி சொன்னான். ஒரு மரம்தான் உரிச்சிருந்தாங்க அப்ப. கூட்டத்துலயே எழுந்து சொல்லியிருக்கான். இந்த ஆளுங்க யாரும் கேக்கல. இவன் மேல எந்தத் தப்பும் இல்ல சார். இவன விட்டுடுங்க."

தாடி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். எழுந்ததும் தெரியும், உட்கார்ந்ததும் தெரியும். நான் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குறிப்புல அப்படி ஒண்ணும் இல்லையே?" என்றார் அதிகாரி.

"அவன் சொன்னத அவனே எப்படி சார் எழுதுவான்? தன்னடக்கம்," என்றாள் அக்கா.

அதிகாரி தாடியிடம் கேட்டார். "இவர் சொன்னாரா?"

தாடி எழுந்தார். சால்வையைச் சரிசெய்தார். அந்த அறையில் வாசலோரம் இரண்டு பத்திரிகைக்காரர்கள் நிற்பதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"சொன்னார் ஐயா," என்றார் தழுதழுத்து. "இயற்கை ஓர் எளிய மனிதரின் வாய் வழியாக எங்களிடம் பேசியது. கலையின் செருக்கு எங்கள் காதை அடைத்துவிட்டது. நாங்கள் கேட்கவில்லை. இந்தக் குற்றத்தைத் தலைவணங்கி ஏற்கிறேன்."

பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். தட்டச்சுக்காரர் தட்டினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அக்கா மேசையைச் சுற்றி வந்து என் தலையில் கை வைத்தாள்.

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.