முருகையன் கையில் கட்டிய காப்பு

திண்டிவனத்துப் பழைய அரிசி ஆலைக் களத்தில் ராக்கெட் தளம் மாதிரி செட் போட்டிருந்தார்கள். நாட்டின் ஆரம்ப கால ராக்கெட்டுகளைப் பற்றிய வெப் தொடர். சட்டைப் பட்டன் முதல் சுவர்க் கடிகாரம் வரை எல்லாம் அறுபது வருஷத்துக்கு முந்தையதாகவே இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அருணாவின் வேலை. பட்டன் விஷயத்தில் அவள் சூரப்புலி. மனுஷன் விஷயத்தில்தான் கோட்டை விட்டாள்.

அன்றைக்கு எடுக்க வேண்டியது விபத்துக் காட்சி. ராக்கெட்டுக்கான வெடிமருந்துக் கொட்டகையில் கூலி வேலை பார்த்த முகையூர் முருகையன் பீடி பற்றவைக்கிறார். கொட்டகையோடு அவரும் எரிந்துபோகிறார். பழைய விசாரணை அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. அந்த ஒரு வரியால் அவர் குடும்பத்துக்கு ஊரில் 'பீடிக்காரன் வீடு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

விபத்தன்று காலையில் எடுத்த போட்டோவை அவர் மகள் ராஜாமணிதான் கொடுத்தார். அறுபது தாண்டியவர். "எங்கப்பா பீடி தொடலம்மா. திரௌபதியம்மனுக்குத் தீ மிதிக்கணும்னு காப்பு கட்டிக்கினு இருந்தாரு. மறுநாளு லீவுல ஊருக்கு வர்றதா இருந்தாரு. படத்துலயாவது அவரு பேரைக் காப்பாத்திக் குடுங்க" என்றார்.

அருணா தலையாட்டினாள். போட்டோவில் மணிக்கட்டில் காப்புக் கயிறு தெரிந்தது. உடனே உடைப் பிரிவுக்கு எழுதி அனுப்பினாள்: வலது கையில் கயிறு. வருஷா வருஷம் தீமிதி நடக்கும் கோலியனூரில் பிறந்தவள் அவள். காப்பு கட்டினவன் பீடி தொடமாட்டான், தீ மிதித்த பிறகுதான் காப்பை அவிழ்ப்பான் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் அறிக்கையை மீறி டைரக்டர் சித்தார்த்தனிடம் வாய் திறக்கப் பயம். அவளுக்கு இது முதல் வேலை. பீடிக் காட்சிக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

முருகையனாக நடித்த ரஞ்சித், கொட்டகைக்குள் தீக்குச்சியை உரசினான். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. மின்விசிறியை நிறுத்தினார்கள், கதவைச் சாத்தினார்கள். மூச்சு முட்டும் புழுக்கம். மூன்று பெட்டி தீர்ந்தும் பீடி பற்றவில்லை. லைட்டர் வந்தது, பீடிக்குப் பக்கத்தில் போனதும் அதன் சுடரும் குனிந்து அணைந்தது.

"இன்னாப்பா பேஜாரு இது! ஜல்தி முடிங்க" என்று கத்தினார் சித்தார்த்தன்.

ரஞ்சித்தின் முகம் வெளுத்திருந்தது. "சார், யாரோ கிட்ட நின்னுக்கினு ஊதி அணைக்கிறாங்க. மூச்சு என் கையில படுது சார்."

சித்தார்த்தன் லைட்டரை வாங்கித் தூர வைத்தார்.

"சரி, பீடியைச் சும்மா வாயில வெச்சுக்கோ. நெருப்பை கிராபிக்ஸ்ல போட்டுக்கலாம்."

அருணா மானிட்டரைப் பார்த்தாள். காலையில் ரஞ்சித்தின் கையில் இருந்தது வெறும் வெள்ளை நூல். மஞ்சள் பூச மறந்துவிட்டார்கள்; போகட்டும் என்று அவளும் விட்டிருந்தாள். இப்போது அது ஈர மஞ்சளில் ஊறியிருந்தது. ஒரு சொட்டு வழிந்து முழங்கை வரை இறங்கியது. அருணாவுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

"சார், நிறுத்துங்க" என்று எழுந்தாள். "காப்பு கட்டினவரு பீடி தொடமாட்டாரு. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுது."

"அறிக்கையில இருக்கேம்மா?"

"அதை எழுதுனவங்க யாரும் கொட்டகைக்குள்ள இல்லீங்க. தீ எப்படிப் பிடிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. தெரியாதுன்னே காட்டுங்க சார்."

காகிதத்தை எடுத்துத் தன் கையெழுத்தை அடித்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது. சித்தார்த்தன் தீர்ந்துபோன தீப்பெட்டிகளைப் பார்த்தார். மானிட்டரில் அந்தக் கயிற்றைப் பார்த்தார்.

"பீடி வேணாம். எடுத்துடுங்க" என்றார் தணிந்த குரலில்.

ஆட்களை வெளியேற்றிவிட்டுக் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். முதல் குச்சியிலேயே பிடித்தது. ரஞ்சித் எல்லாரோடும் தள்ளி நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். கூரை சரிந்து, தணல் களமெங்கும் சிவந்து பரவியது.

தணல் மேல் பூத்த சாம்பலில் தடங்கள் தெரிந்தன. வெறுங்கால் தடங்கள். கொட்டகையின் நடுவிலிருந்து புறப்பட்டு, அவசரமில்லாமல், களத்தின் விளிம்பு வரை வந்திருந்தன. அவை முடிந்த இடத்தில் மஞ்சள் கயிறு ஒன்று முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. கொஞ்சமும் கருகவில்லை.

ரஞ்சித் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

அருணா ராஜாமணிக்குப் போன் போட்டாள்.

"அம்மா, உங்கப்பா தீ மிதிச்சிட்டாருங்க. காப்பை அவுத்துட்டாரு" என்றாள்.

அந்தப் பக்கம் ராஜாமணி, அப்பா செத்த வீட்டில் மகள் அழுவதுபோல, வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.