செங்கல் வைத்துத் திறந்த கதவு

"அக்கா, தூங்கிட்டியா?"

"தூங்குறவகிட்ட கேக்குற கேள்வியாடி இது? என்ன?"

போர்வையை இருவர் தலைக்கும் மேலே இழுத்துவிட்டு, மத்தியானம் எடுத்த போட்டோவைக் காட்டினேன். இருட்டில் போன் அவள் மூக்கில் இடித்தது.

அப்பா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அவருடைய ஆபீசுக்குப் போயிருந்தேன். நில அலுவலகம். அப்பா அங்கே பியூன். தபால் கொடுக்க வெளியே போயிருந்தார். கிளார்க் மேசையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று காற்று சுழற்றி அடித்தது. காகிதமெல்லாம் பறக்கிறதே என்று வாசல் கதவைச் சாத்தப் போனேன். பகலில் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை. அடியில் செங்கல் வைத்து, சுவரோடு சுவராகத் திறந்தே கிடக்கும். செங்கல்லைக் காலால் தள்ளிக் கதவை இழுத்தால், அது மறைத்திருந்த சுவரில் ஒரு நோட்டீஸ்.

ஏரியை ஒட்டிய பொது நிலம் முழுவதிலும் எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்ட ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுக்கப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தரவேண்டுமாம். யாரும் தராவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தமாம். முப்பதாவது நாள் நாளைக்கு.

போட்டோ எடுத்துக்கொண்டு, செங்கல்லைப் பழையபடி வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

"போன மாசம் குச்சி நட்டு அளந்தாங்களே, ரோடு போடத்தானேன்னாங்க?" என்றாள் அக்கா.

"பால்காரம்மா ஆபீசுக்கே போய்க் கேட்டாங்க. 'உங்க மாடு சொகுசா நடக்கத்தான்மா ரோடு'ன்னு ஆபீசர் சிரிச்சாராம். அந்தக் கதவுகிட்டதான் அவங்க நின்னுருப்பாங்க! காதும் காதும் வெச்ச மாதிரி முடிக்கப் பாக்குறாங்கக்கா. ஏரித் தண்ணியத்தான் நாலு தெருவும் குடிக்குது. பொது நிலம்னா இவனுங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"மெதுவா. நம்ம அப்பன் வீட்டுக்குள்ளதான் இருக்காரு."

சிரிக்கப் போனவள் நிறுத்திவிட்டாள். அவள் விரல் நோட்டீசின் அடியில் நின்றது. 'ஒட்டியவர்' என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து. பக்கத்திலேயே தேதி. அதை நான் மத்தியானமே பார்த்துவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது, ஏரிக்கரையில் என்ன நடக்கிறது என்று அப்பாவிடம் கேட்டிருந்தேன். "எனக்கென்னம்மா தெரியும்? நான் தபால் குடுக்கிறவன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் தட்டை வீசியிருப்பேன்.

"இது வெளிய வந்தா ஆபீசர் என்ன சொல்வார் தெரியுமா?" என்றாள் அக்கா. "'ஒட்டுன்னுதான் சொன்னேன், அந்தாளுதான் அங்க போய் ஒட்டிட்டான்'னு கழண்டுக்குவார். அப்பா வேலை போயிடும்டி. கையெழுத்த வெட்டிட்டு அனுப்பு."

வெட்டிப் பார்த்தேன். கையெழுத்தோடு தேதியும் போனது. தேதி இல்லாவிட்டால், ஏதோ பழைய நோட்டீஸ் என்பார்கள். நாளைச் சாயங்காலம் வரை அப்படிச் சொல்லிச் சமாளித்தாலே போதும் அவர்களுக்கு.

வெட்டாத படத்தையே தெரு குரூப்பில் போட்டேன். 'நாளைக்குக் கடைசி நாள். எல்லாரும் எழுதி எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வாங்க' என்று கீழே எழுதினேன்.

அடுத்த அறையில் அப்பாவின் போன் 'டிங்' என்றது.

"அடிப்பாவி, அவரும் அந்த குரூப்லதானே இருக்காரு!"

அந்த அறையில் விளக்கு எரிந்தது. பிறகு அப்பாவின் குரல் மட்டும் வந்தது.

"அந்தக் கதவச் சாத்துனியா நீ?"

அக்கா என் வாயைப் பொத்தினாள். அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"சாத்துனேன்ப்பா. முப்பது நாளா நீங்க ஏன் சாத்தல?"