இரட்டைக் குரல்

தோட்டத்துத் துரை பங்களாவின் பின்கட்டில் வேலைக்காரி பஞ்சாலை ஒரு குருவியைக் கையில் பிடித்திருந்தாள். கழுத்தில் மட்டும் விரல் படக்கூடாது என்று அத்தனை கவனம். குரல்வளை நெரிந்தால் பாட்டு போய்விடும் அல்லவா? அதனால் நெஞ்சைச் சுற்றி உள்ளங்கையால் இறுக்கிக்கொண்டு, மறு கையால் அலகைப் பிளந்து, இழைத்த வசம்பை நாக்கில் தடவினாள். பேச்சு வராத பிள்ளைக்கு லயத்து வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். குருவிக்கு மட்டும் பலிக்காமல் போகுமா?

பாட்டுக்குப் பேர்போன அந்த முராய்க் குருவி நான்கு நாளாக வாயைத் திறக்கவில்லை. அதைப் பிடித்ததே அவள் புருஷன் வீரமுத்துதான். குச்சியில் பலாப்பாலைத் தடவி வைத்து, குருவியைப் போலவே சீட்டியடித்து வரவழைத்துப் பிடித்தான். தோட்டமே மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு வீங்கிக் கிடந்த நேரம். அரை டின் அரிசிக்கு ஆசைப்பட்டு, வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் குடியேறியிருந்த ஜப்பான் அதிகாரியிடம் அதைக் கொடுத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். கூண்டைக் கழுவும் வேலை பஞ்சாலையின் தலையில் விழுந்தது. ஆளை அறைவதற்கு யோசிக்காத அந்த மனிதனுக்கு இந்தக் குருவிமேல் மட்டும் அப்படி ஒரு பிரியம். அது பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு குரலுக்கு ஒன்றாக இரண்டு விரலை உயர்த்துவான். ஒரே நேரத்தில் இரண்டு குரல். மேலே ஒன்று மெலிதாக இழுக்கும், கீழே ஒன்று தழுதழுக்கும்.

முந்தாநாள், ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் போகிறவர்கள் பட்டியலில் வீரமுத்துவின் பெயர் வந்தது. தை மாதம் போன பதினேழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை, ஒரு கடுதாசிகூட இல்லை. பஞ்சாலை அதிகாரியின் பூட்ஸ் காலில் விழுந்தாள். அவன் கூண்டைக் காட்டி அரைகுறை மலாயில் ஏதோ சொன்னான். அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: குருவி பாடினால் புருஷன் இருப்பான். பாடாவிட்டால் இன்று காலை லாரியில் தம்பின் ரயில் ஸ்டேஷனுக்கு.

உள்ளங்கையில் படபடப்பு நின்றதை அப்போதுதான் உணர்ந்தாள். குருவியின் தலை தொங்கிவிட்டது. பிடித்த பிடியோடு முந்தானையில் மூடிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே மருந்து தீர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, மருந்து கட்டும் டிரஸ்ஸர் கணேசமூர்த்தி மட்டும் மிச்சம் இருந்தார்.

"நெஞ்சையா புடிச்ச? கைய விரிம்மா மொதல்ல!"

"கழுத்த நான் தொடவே இல்லைங்கய்யா. சத்தியமா தொடல."

"கழுத்துல என்ன இருக்கு? செத்த முராய் ஒண்ண அறுத்துப் பாத்திருக்கேன் நான். நமக்குத்தான் குரலு தொண்டையில. அதுக்கு நெஞ்சுக்குள்ளலா. மூச்சுக்கொழாய் ரெண்டாப் பிரியுற எடத்துல, பக்கத்துக்கு ஒண்ணா மெல்லிசாத் தோலு இருக்கு. காத்து பட்டா ரெண்டும் தனித்தனியா அதிரும். அதான் ரெண்டு குரலு. நெஞ்சு விரியலேன்னா அதுக்கு மூச்சே கெடையாது, பாட்டு எங்கேருந்து வரும்?"

பாவி, என் கையாலேயே அவரைச் சயாமுக்கு அனுப்பிவிட்டேனே என்று பஞ்சாலை தன்னையே நொந்துகொண்டாள். விரித்த கையை ஆடாமல் நீட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமோ தெரியாது, நெஞ்சு இறகு லேசாக அசைந்தது.

"பொழைச்சிரும்," என்றார் டிரஸ்ஸர். பிறகு குனிந்து பார்த்து, "ஒரு பக்கம் அமுங்குனாப்ல இருக்கு," என்றார்.

அவள் திரும்பி வந்தபோது லாரி பங்களா வாசற்படியை ஒட்டி நின்றது. பின்னால் பன்னிரண்டு பேர் ஏறியிருந்தார்கள், ஓரத்தில் வீரமுத்து. குருவியைக் கூண்டில் விட்டுத் தாழ்வாரத்தில் மாட்டினாள். அதிகாரி நாற்காலியைக் கூண்டருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குருவி தத்தித் தடுமாறிக் குச்சியில் ஏறியது. மற்றவர்கள் அலகைப் பார்த்தார்கள். பஞ்சாலை நெஞ்சைப் பார்த்தாள். அது மெல்ல விரிந்தது.

மேல் குரல் வந்தது. மெலிதாக, நீளமாக. அதிகாரி கண்ணை மூடி ஒரு விரலை உயர்த்தினான். இன்னொரு விரல் மடங்கியபடியே காத்திருந்தது. கீழ்க் குரல் வரவில்லை. அவன் புருவம் சுருங்கியது. மாரியாத்தா, மாரியாத்தா என்று அவள் உதடு முணுமுணுத்தது.

அப்போது வந்தது அந்தத் தழுதழுப்பு. ஆனால் குருவியின் நெஞ்சில் ஒரு பக்கம்தான் அதிர்ந்துகொண்டிருந்தது. பஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். லாரியின் ஓரத்தில் வீரமுத்து உதட்டைக் குவித்திருந்தான், இந்தக் குருவியை ஏமாற்றிப் பிடித்த அதே சீட்டி. கூட இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர்கூட இருமவில்லை.

அதிகாரியின் இரண்டாவது விரல் மெதுவாக நிமிர்ந்தது.

குருவி நிறுத்துவதாக இல்லை. இழுத்துக்கொண்டே போனது. வீரமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்து முகம் கன்றியது. கிழங்கு தின்று ஒட்டிப்போன அந்த நெஞ்சில் இன்னும் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறதோ. பஞ்சாலை தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு அந்த நெஞ்சையே பார்த்தபடி நின்றாள்.