தக்கை இல்லாத தூண்டில்

றேமண்டுக்குப் பார்வை ஒரேயடியாகப் போகவில்லை. சீனி வருத்தமான நீரிழிவு முதலில் இடது கண்ணை வாங்கியது. லேசர் பிடித்துப் பார்த்தும், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே வலது கண்ணும் கைவிட்டுவிட்டது. கப்பல் முகவர் அலுவலகத்து வேலையை விட்டான். கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் ரேடியோவுக்குப் பக்கத்துக் கதிரையே அவனுக்கு உலகமாயிற்று. கட்டிலுக்கடியில் கிடந்த தூண்டில் தடிகளை யாருக்காவது கொடுத்துவிடும்படி மனைவி டில்ஷானியிடம் சொன்னான். அவள் சரி என்றாள், கொடுக்கவில்லை.

கூட வேலை செய்த ராகுலன் வெள்ளவத்தையில் இருந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் பொல்கொடை ஏரிக்குப் போவது பல வருடப் பழக்கம். றேமண்ட் மீன் பிடிப்பான். ராகுலன் கதைத்துக் கதைத்தே மீனைக் கலைப்பான். மாசி மாதம் ஒரு ஞாயிறு அவன் காரோடு வாசலில் வந்து நின்றான்.

"தண்ணியில மிதக்கிற தக்கையப் பார்க்க ஏலாதவன் அங்க வந்து என்னத்தப் பிடிக்கிறது?" என்றான் றேமண்ட்.

"நான் பாத்துச் சொல்லுறன். நீ இழு."

றேமண்ட் இன்னும் மறுத்துக்கொண்டிருக்கையிலேயே டில்ஷானி அவன் தலையில் தொப்பியை வைத்துவிட்டாள். சீனி இறங்கினால் சாப்பிடவென்று பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும் பையில் போட்டாள்.

ஏரிக்கரையில் பாசி வாடை மூக்கில் ஏறியதும் றேமண்டுக்கு மனம் கொஞ்சம் இளகியது. பாண் ரொட்டியைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, தூண்டில் முள்ளின் நுனி வெளியே தெரியாமல் உருண்டை பிடித்தான். அதற்குக் கண் தேவைப்படவில்லை. மீன் கூடட்டும் என்று ஒரு பிடி பாண் தூளை ராகுலனைக் கொண்டு தண்ணீரில் தூவச் செய்தான். நிழல் தண்ணீரில் விழாமல் இருவரும் பின்தள்ளி உட்கார்ந்தார்கள்.

ராகுலன் தொடங்கினான். தக்கை ஆடுது என்றான், சரியுது என்றான், தாழுது இழு என்றான். றேமண்ட் இழுத்தான். வெறும் முள்தான் வந்தது. திலாப்பியா இரையை உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கணத்தில் துப்பிவிடும் மீன். தக்கை தாழ்ந்து, அதை ராகுலனின் கண் கண்டு, வாய் சொல்லி, றேமண்டின் காதில் விழுவதற்குள் அது போய்விடுகிறது. ராகுலன் இன்னும் வேகமாகச் சொன்னான், இன்னும் சத்தமாகச் சொன்னான். உருண்டைக்கு மேல் உருண்டை கரைந்ததே தவிர மீன் வரவில்லை.

"அது சின்னன் மச்சான், போனது நல்லம்" என்றான் ராகுலன்.

அந்தக் குரலில் இருந்த இரக்கம் றேமண்டைச் சுட்டது. மூன்று மாதமாக வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் குரலில்தான் அவனோடு கதைக்கிறார்கள். வீட்டுக்குப் போவோம் என்றான். ராகுலன் சாமான்களைப் பையில் அடுக்கும் சத்தம் கேட்டது.

றேமண்ட் நூலை மெல்லச் சுற்றினான். முள் கரையோரப் புல்லில் மாட்டாமலிருக்க, நூலின் மேல் சுட்டுவிரலை வைத்திருந்தான். முள் அடித்தரையில் உரசி வருவது விரலில் தெரிந்தது. ஒரு கல். வழுக்கலாய்ப் பாசி. பிறகு கல்லுமில்லாத பாசியுமில்லாத ஒன்று, டிக் டிக் என்று இரண்டு தரம் தட்டியது.

அவன் கை நின்றது.

"ராகுலன், தக்கையக் கழட்டு. ஈயக் குண்ட மட்டும் விடு."

இம்முறை உருண்டை கோத்து எறிந்த நூலை விறைப்பாக வைத்து, விரல் நுனியை அதில் தொட்டபடி காத்திருந்தான். ராகுலன் மூச்சுக்கூட விடவில்லை. பொடி மீன்கள் கொத்துவது மணல் உதிர்வதுபோல் இருந்தது; விட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் கொத்தல்கள் நின்றன. நூல் ஒரு பக்கமாக நகரத் தொடங்கியது. றேமண்ட் மணிக்கட்டை உயர்த்தினான். தடி வளைந்தது.

ராகுலனின் கை தானாக வந்து தடியைப் பற்றியது.

"தொடாத."

கை விலகியது. மீன் ஓடியபோது றேமண்ட் ரீலைத் தளர்த்தி ஓடவிட்டான்; நின்றபோது தடியை உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்றினான். கரையருகே அது மறுபடி பாய்ந்தபோது இன்னும் கொஞ்சம் நூலை விட்டான். கடைசியில் ராகுலன் வலையைத் தாழ்த்தி அள்ளினான். றேமண்ட் மீனைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தான். முதுகுச் செட்டையின் முள் பெருவிரலில் குத்தி இரத்தம் வந்தது.

"செட்டை ஓரம் சிவப்பா?"

"ஓம். நல்ல சிவப்பு" என்றான் ராகுலன்.

அதன் பிறகு ஒன்று நூலை அறுத்துக்கொண்டு போயிற்று. வேறொன்றும் படவில்லை.

வீட்டில் டில்ஷானி மீனைக் கழுவும்போது, றேமண்ட் கேட்காத தூரத்தில், ராகுலனிடம் மெதுவாகக் கேட்டாள்: "உண்மையச் சொல்லுங்க அண்ணா. நீங்கதானே பிடிச்சுக் கையில குடுத்தீங்க?"

"நான் சொன்னதக் கேட்டு இழுத்த வரைக்கும் ஒண்டும் படேல்ல, தங்கச்சி. நான் வாய மூடின பிறகுதான் அவன் பிடிச்சவன்."

மத்தியானம் வழக்கம்போல அவள் மீனிலிருந்து முள்ளை எடுத்துச் சோற்றோரம் வைக்கத் தொடங்கினாள். றேமண்ட் அவள் கையை விலக்கிச் சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தான்.

"விடும். நானே எடுக்கிறன்."

அவன் சாப்பிட்டு முடிக்க வெகு நேரம் ஆனது. ராகுலனும் டில்ஷானியும் சாப்பிட்டுக் காய்ந்த கையோடு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.