மணய்யா, மணப்பா?

அந்தப் பதிப்பகத்தில் எல்லாரும் அவளைப் புதிரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் எழுதும் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சிப் புத்தகம் போடும் சின்ன இடம் அது. மொழித்திறன் பகுதி முழுவதும் அவள் கைவேலை. அதிலும் எழுத்துக் குறியீட்டுக் கேள்வி என்றால் அவளுக்குத் தனிக் குஷி. ஒரு சொல்லை எழுத்து மாற்றிக் கொடுத்துவிட்டு, எந்த விதிப்படி மாற்றினோம் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகள். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை மனசுக்குள் மாற்றிக்கொண்டே போய், இறங்கவேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்ட நாட்கள் உண்டு.

விடை தப்பு என்று மாதத்துக்கு இரண்டு பெற்றோராவது போன் செய்வார்கள். அவள் பொறுமையாக விளக்குவாள். கடைசியில் அசடு வழிந்துகொண்டு வைத்துவிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக இதுதான் வழக்கம்.

அன்று காலை வந்த போனும் அப்படித்தான் தொடங்கியது.

"மேடம், நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவன். எனக்கு இந்த எழுத்துக் கணக்கெல்லாம் சுத்தமா புரியாது. ஆனா எம்பொண்ணு ரெண்டு நாளா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. புத்தகம் தப்புங்கறா. டியூஷன் சார், புத்தகத்துல போட்டிருக்கறதுதான் விடைன்னுட்டாராம்."

"எந்தப் பக்கம் சார்?"

"நாப்பத்தேழு. பன்னெண்டாவது கேள்வி."

புதிரக்கா புத்தகத்தைப் புரட்டினாள். 'கதை என்பது ஙநை எனில், படம் என்பது எது?' கீழே அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதைவிடச் சுலபமான கேள்வியா? "ஒவ்வொரு மெய்க்கும் அடுத்த மெய்யப் போடணும் சார். க-வுக்கு அடுத்தது ங. த-வுக்கு அடுத்தது ந. அப்போ ப-வுக்கு ம, ட-வுக்கு ண, ம-வுக்கு ய. மணய். விடை ஆ."

"இருங்க, அவளே பேசறாளாம்."

போன் கைமாறியது. "ஆன்ட்டி, நான் மணப்னு போட்டேன். இ."

"எப்படிம்மா?"

"க-வுக்கு ஜோடி எழுத்து ங. த-வுக்கு ஜோடி ந. ஸ்கூல்ல இன எழுத்துன்னு சொல்லிக் குடுத்தாங்களே, அது. அப்போ ப-வுக்கு ம. ட-வுக்கு ண. ம-வுக்கு ப. மணப்."

புதிரக்காவின் பேனா நின்றது. ஆனாலும் சட்டென்று விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "வல்லினத்துக்கு மெல்லினம் ஜோடி, சரி. மெல்லினத்தத் திருப்பி வல்லினமா மாத்தணும்னு எங்க சொல்லியிருக்கு?"

"மாத்தக் கூடாதுன்னு எங்க சொல்லியிருக்கு? எங்கம்மா எங்கப்பாவுக்கு ஜோடின்னா, எங்கப்பாவும் எங்கம்மாவுக்கு ஜோடிதானே?" பின்னால் யாரோ பெண்குரலில் சிரிப்பது கேட்டது. "அதோட நீங்களேதான இ-ன்னு போட்டு மணப் குடுத்திருக்கீங்க!"

அதுதான் உறைத்தது. மூன்று விடைகளை எழுதிவிட்டு, இன்னொன்று கிடைக்காமல், ஏதோ ஒரு மதியம் தூக்கக் கலக்கத்தில் போட்டு நிரப்பியது அது. சாயந்தரம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தபோது காது சூடாக இருந்தது.

எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பெண் சொன்னதில் ஓட்டை இல்லை. எடுத்துக்காட்டுச் சொல்லில் இருந்தது இரண்டே வல்லினம். அந்த இரண்டுக்கும் அடுத்த எழுத்தும் ஜோடி எழுத்தும் ஒன்றேதான். குழந்தைக்குத் தடயம் தருவதாக நினைத்து இரண்டு கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழ்த்தளத்தில் மறுபதிப்பு ஓடிக்கொண்டிருந்தது! படியிறங்கி ஓடினாள்.

"நாப்பத்தேழாம் பக்கம் ஏறிடுச்சா?" என்று மிஷின்காரரிடம் கத்தினாள். அந்த இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஏத்தறோம்க்கா."

"ஏத்தாதீங்க!"

முதலாளி கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு வந்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். "எண்ணூறு கேள்வியில ஒண்ணு. அடுத்த தடவ பாத்துக்கலாமே?"

"அந்தப் பொண்ணு வாயுள்ளது, கேட்டுடுச்சு. வாயத் தெறக்காம, தனக்குத்தான் புத்தி மட்டுன்னு நெனச்சுக்கிட்டு எத்தன புள்ளைங்க ஒக்காந்திருக்கோ? சரியா யோசிச்ச புள்ளைக்குத் தப்புன்னு சொல்லிட்டோம் சார்."

முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அவள் தன் கேள்விக்கு எதிராக வாதாடி அவர் பார்த்ததில்லை. "என்ன மாத்தணுமோ சீக்கிரம் மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதையை எடுத்துவிட்டுக் கதவைப் போட்டாள். கதவு, ஙநழு. வகரம் இடையினம், அதற்கு ஜோடி கிடையாது. இனி யாரும் அந்த வழியாக நுழைய முடியாது. மூன்று முறை சரிபார்த்துக் கொடுத்தாள். கையோடு, பழைய பதிப்பில் அந்தக் கேள்விக்கு இரண்டு விடையும் சரி என்று டியூஷன் மையங்களுக்கெல்லாம் ஒரு கடிதமும் அடித்து அனுப்பினாள்.

சாயந்தரம் அந்த வீட்டுக்குப் போன் செய்தாள். "நீ சொன்னதும் சரிதாம்மா. தப்பு என் மேல."

அந்தப் பக்கம் வீடே அதிரும்படி ஒரு கூச்சல். அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். "மேடம், கோவிச்சுக்காம இன்னொரு தடவ சொல்றீங்களா? ஸ்பீக்கர்ல போடறேன். அவங்கம்மா அடுப்படியில இருக்கா, அவளும் கேக்கட்டும்."

புதிரக்கா இன்னொரு தடவை சொன்னாள். தப்பை ஒப்புக்கொள்வது இத்தனை லேசாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். அன்று பஸ்ஸில் கடைப் பலகைகளைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. தான் எழுதுவதைத் தன்னைவிடக் கவனமாகப் படிக்கும் ஒரு ஆள் எங்கோ இருக்கிறாள் என்ற நினைப்பே வழிநெடுகத் துணைக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்து, புதுப் புத்தகத்தின் அச்சுப் படியில் நாற்பது பக்கத்தை அந்தப் பெண்ணுக்கு அனுப்பி, பிழை இருந்தால் சொல்லச் சொன்னாள். பத்தாம் நாள் கட்டு திரும்பி வந்தது. எல்லாக் கேள்விக்கும் பென்சிலால் விடை போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு:

"ஆன்ட்டி, எவ்வளவோ தேடிட்டேன், ஒரு தப்புகூட கெடைக்கல. ஆனா முப்பத்தி மூணாவது கேள்வி ரொம்ப ஈசி. என் தம்பியே போட்டுட்டான். அவனுக்கு ஆறு வயசு."

புதிரக்கா வாய்விட்டுச் சிரித்தாள். முப்பத்து மூன்றாவது கேள்வியை அடித்துவிட்டு, பேனா மூடியைக் கடித்தபடி, கொஞ்சம் கெட்டியான கேள்வியாக ஒன்று யோசிக்க உட்கார்ந்தாள்.